கணினியின் கருனியும் மொழிப் பதிப்புகளும்

மொழி என்பது வளர்வது, வளர்வதனால் மாறுவது. தொல்காப்பியத்துக்கும் நன்னூலுக்கும் இடையே நூற்றாண்டுகள் பல கடந்தன. அவ்விடைவெளியில் வழக்கொழிந்த சொற்களும் உண்டு. புதிதாய்ப் புகுந்த வடிவங்களும் உண்டு. காலவேறுபாட்டால் நேரும் அம்மாற்றத்தைப் பவணந்தி முனிவர் குற்றமெனக் கொள்ளவில்லை. தமிழ் வகுப்பில் இதனைக் கற்ற காலத்தில், மாந்தர் பேசும் மொழிக்கு மாத்திரமே இது பொருந்தும் என நாம் எண்ணியிருந்தோம். பொறியை ஏவுதற்கென மனிதர் செயற்கையாய் ஆக்கிக்கொண்ட மொழிகளும் இவ்விதிக்கு விலக்கல்ல என்பதைப் பிற்காலத்திலேதான் அறிந்தோம். அவற்றுக்கும் இலக்கணம் உண்டு. அவ்விலக்கணத்துக்குப் பதிப்புகள் உண்டு. பதிப்பு மாறும்போது முன்னர் எழுதியதை என் செய்வது என்னும் வினாவும் உண்டு.

அவ்வினாவை ஓரிடத்தில் வைத்து ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்விடம் லினக்ஸ் எனப்படும் பணிசெயல் முறைமையின் கருனியாகும். ஏனைய செய்நிரல்களில் ஒரு பிழை நேர்ந்தால் அச்செய்நிரல் ஒன்றே நிற்கும். கருனியில் நேரும் பிழையோ கணினி முழுவதையும் வீழ்த்தும். சிலவேளை எவரும் அறியாவண்ணம் அதிலுள்ள கோப்புகளையும் கெடுக்கும். ஆதலின் மொழிப் பதிப்பை மாற்றுதல் பற்றிய அறம் எங்கேனும் கடுமையாய்ப் பேணப்பட வேண்டுமாயின் அது கருனியிலேதான்.

கருனி யாது?

கணினியின் வன்பொருளுக்கும் நாம் நேரே கையாளும் செய்நிரல்களுக்கும் நடுவே நின்று இரண்டையும் ஆளும் மென்பொருட் பகுதியே கருனி. நினைவகத்தில் எவ்விடம் எச்செய்நிரலுக்கு உரியது, செயலி இக்கணத்தில் எப்பணியைச் செய்ய வேண்டும், வட்டில் எக்கோப்பு எங்கே கிடக்கின்றது என்பனவற்றை யெல்லாம் தீர்மானிப்பது அதுவே. ஒரு கல்லூரியில் நேரசூசி வகுத்து, வகுப்பறை பங்கிட்டு, திறப்புகளைத் தன் கையில் வைத்திருக்கும் அலுவலகத்தை அதற்கு ஒப்பிடலாம். பாடம் நடத்துவது அவ்வலுவலகமன்று. ஆயினும் அது தவறினால் ஒரு பாடமும் நடவாது.

லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்தபோது, 1991 ஆம் ஆண்டிலே தமது 21 ஆவது வயதில் இக்கருனியை எழுதத் தொடங்கினார். இன்று அதன் மூலநிரல் மூன்று கோடி வரிகளைக் கடந்துவிட்டது. அன்ட்ராய்ட் கைத்தொலைபேசிகளில் இயங்குவது இக்கருனியே. உலகின் விரைவுமிக்க 500 கணினிகளின் பட்டியலில் இடம்பெற்ற அனைத்தும் 2017 நவம்பரிலிருந்து இதனையே கொண்டு இயங்கி வருகின்றன. உலகின் பல பாகங்களிலுமுள்ள ஆயிரக்கணக்கானோர் இதற்குத் திருத்தம் எழுதி அனுப்புகின்றனர். ஒருவரை ஒருவர் கண்டிராத இத்தனை பேரும் ஒரே நூலை எழுதுவதென்றால், எந்த மொழியில், எந்த இலக்கணப் பதிப்பில் எழுதுவது என்பது முதற்கண் தெளிவாதல் வேண்டும்.

அம்மொழி பெரும்பாலும் சீ மொழியே. பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி 1970 களின் தொடக்கத்தில் அதனை ஆக்கினார். 1989 இல் அமெரிக்க நியம நிறுவனம் அதற்கு முதலாவது நியம இலக்கணத்தை வகுத்தது. அதனைச் சீ-89 என்பர். பின்னர் 1999 இலும் 2011 இலும் திருத்திய பதிப்புகள் தோன்றின. அவை முறையே சீ-99, சீ-11 எனப்படும். அண்மையில் வெளிவந்தது சீ-23 ஆகும்.

நூற்பாவும் உரையாசிரியரும்

மனிதர் எழுதிய சீ மொழி நிரலைச் செயலி நேரே விளங்கிக்கொள்ளாது. அதனைப் பொறிமொழியாக மாற்றித் தருவதற்குத் தொகுப்பி என்னும் வேறொரு செய்நிரல் வேண்டும். லினக்ஸ் கருனிக்கு நெடுங்காலமாய் உற்ற துணையாய் இருப்பது ஜீ.சீ.சீ. என்னும் தொகுப்பி. கிளாங் என்னும் மற்றொரு தொகுப்பியும் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. கூகிள் நிறுவனம் தனது அன்ட்ராய்ட் கருனிகளை அதனைக் கொண்டே ஆக்குகின்றது.

ஈண்டு ஒரு வேறுபாட்டை மனத்திருத்தல் வேண்டும். இலக்கணத்தின் பதிப்பு வேறு. தொகுப்பியின் பதிப்பு வேறு. கருனியின் பதிப்பு வேறு. தமிழ் கற்றார்க்கு இதனை விளக்குதல் எளிது. இலக்கணம் நூற்பாவை ஒத்தது. தொகுப்பி உரையாசிரியரை ஒத்தது. கருனி அவ்விலக்கணத்தைப் பின்பற்றி எழுந்த இலக்கியத்தை ஒத்தது. தொல்காப்பியச் சொல்லதிகாரம் ஒன்றே. இளம்பூரணர் உரைக்கும் சேனாவரையர் உரைக்கும் இடையே வேறுபாடுகள் உண்டு. நூற்பா தெளிவாய்ச் சொன்ன இடத்தில் உரைகள் ஒன்றுபடும். அது சொல்லாது விட்ட இடத்திலேயே உரைகள் பிரியும்.

சீ மொழி இலக்கணத்திலும் அவ்வாறு சொல்லாது விட்ட இடங்கள் பல. இன்னது செய்தால் விளைவு வரையறுக்கப்படவில்லை என்று கூறி இலக்கணம் அங்கே ஒதுங்கிக்கொள்ளும். அவ்விடத்தில் தொகுப்பி தான் விரும்பியவாறு பொருள் கொள்ளலாம். விரைவாய் இயங்கும் நிரலை ஆக்குதலே தொகுப்பி எழுதுவோரின் வேட்கை. ஆதலால் ஒவ்வொரு புதிய பதிப்பிலும் இவ்வுரிமை மேன்மேலும் நுட்பமாய்ப் பயன்படுத்தப்பட்டது.

2009 ஆம் ஆண்டில் இதன் விளைவு வெளிப்பட்டது. கருனியின் வலையமைப்புப் பகுதியொன்றில், ஒரு சுட்டி காட்டும் இடத்திலிருந்து முதலில் மதிப்பு ஒன்று எடுக்கப்பட்டது. அதன் பின்னரே அச்சுட்டி வெறுஞ்சுட்டியோ என்று சோதிக்கும் வரி எழுதப்பட்டிருந்தது. வரிசை பிறழ்ந்தது எழுதியவர் பிழைதான். ஆயினும் சோதனை என ஒன்று இருந்தது. தொகுப்பியோ, “முன்னரே இச்சுட்டி பயன்பட்டுவிட்டது, வெறுஞ்சுட்டியைப் பயன்படுத்துதல் இலக்கணத்துக்கு அடங்காதது, ஆகவே இது வெறுஞ்சுட்டியாய் இருத்தல் இயலாது, இனிச் சோதனை வேண்டியதில்லை” என்று தருக்கித்து அவ்வரியையே நீக்கிவிட்டது. மூலநிரலைப் படித்தவர் கண்ணுக்குச் சோதனை தெரிந்தது. இயங்கிய கருனியில் அஃது இல்லை. சாதாரண பயனர் ஒருவர் அவ்விடுக்கு வழியே கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்றலாம் என்பது காட்டப்பட்டது. அதன் பின்னர், இத்தகைய சோதனைகளை நீக்கலாகாது எனத் தொகுப்பிக்குக் கட்டளையிடும் குறிப்பு கருனியின் ஆக்கக் கோவையில் நிலையாய்ச் சேர்க்கப்பட்டது. இந்த உரையாசிரியர் இவ்விடத்தில் இவ்வாறே பொருள் கொள்ளல் வேண்டும் என நூலாசிரியரே முகப்பில் எழுதி வைத்தமைக்கு இது நிகராகும்.

எழுதாமல் விட்ட இலக்கணம்

இன்னுமொரு வகைத் தொல்லை, சொல்லாமலே கொள்ளப்படும் இயல்பு நிலையினால் வருவது. எந்த இலக்கணப் பதிப்பில் நிரல் எழுதப்பட்டுள்ளது என்று நாம் சொல்லாவிடின், தொகுப்பி தன் இயல்பான பதிப்பைக் கொள்ளும். ஜீ.சீ.சீ. பல்லாண்டுகளாய் இயல்பாகக் கொண்டது, சீ-89 இலக்கணத்தோடு தனக்கே உரிய சில விரிவுகளையும் சேர்த்த வழக்கு. அதனைக் குனூ-89 என்பர். கருனி எழுதியோர் அதனை வெளிப்படக் கூறவில்லை. கூற வேண்டிய தேவையும் எழவில்லை.

ஐந்தாம் பதிப்பு வெளிவரும் தறுவாயில், 2014 இல், ஜீ.சீ.சீ. தன் இயல்பு வழக்கைக் குனூ-11 என மாற்றியது. கருனியின் நிரலில் ஒரு வரியும் மாறவில்லை. ஆயினும் புதிய தொகுப்பியிடம் கொடுத்தபோது அது செவ்வனே தொகுபடவில்லை. அப்போது செய்த பரிகாரம் மிக எளியது. இந்நூல் குனூ-89 வழக்கில் எழுதப்பட்டது என்னும் ஒரே குறிப்பை ஆக்கக் கோவையில் வெளிப்படையாய் எழுதினர். எல்லாம் முன்போல் நடந்தன. பிறருடைய இயல்பில் நம்முடைய நிலையைச் சார்த்தி வைத்தலாகாது என்னும் பாடம் இதனாற் பெறப்பட்டது.

எனினும் அப்பாடம் முற்றும் கற்கப்படவில்லை என்பதைப் பதினோராண்டின் பின் வந்த ஒரு நிகழ்ச்சி உணர்த்தியது. 2025 ஏப்பிரலில் வெளிவந்த ஜீ.சீ.சீ. 15 ஆம் பதிப்பு, சீ-23 வழக்கைத் தன் இயல்பாகக் கொண்டது. சீ-23 இல் மெய், பொய் என்பவற்றைக் குறிக்கும் இரு சொற்களும் மொழிக்கே உரிய ஒதுக்கிய சொற்களாயின. கருனியோ, மொழியில் அவை இல்லாத காலத்தில், அவ்விரு சொற்களையும் தானே வரையறுத்து வைத்திருந்தது. மொழி தனக்கென எடுத்துக்கொண்ட சொல்லைப் பிறர் வரையறுத்தல் பிழையென்று தொகுப்பி மறுத்தது. கருனியின் பெரும்பகுதிக்கு இதனால் இடரில்லை. அதற்குரிய வழக்கு ஏலவே முகப்பில் எழுதப்பட்டிருந்தது. ஆனால் கணினி துயிலெழும் நேரத்தில் இயங்கும் சிறு பகுதியொன்று தனக்கெனத் தனிக் கோவை கொண்டிருந்தது. அதில் அக்குறிப்பு விடுபட்டிருந்தது. பெருமனை முழுவதும் கதவடைத்துவிட்டுப் பின்கட்டின் சிறுகதவை மறந்தமை போன்றது இது. 2025 தொடக்கத்திலேயே அங்கும் அக்குறிப்பு எழுதப்பட்டது.

இலக்கணம் மாறிய வரலாறு

இவ்வாறு 1989 இன் இலக்கணத்தைக் கருனி இறுகப் பற்றி நின்றது பிடிவாதத்தினால் அன்று. மாறுவதற்குத் தக்க காரணமும், மாறினால் எவரும் இடர்ப்படார் என்னும் உறுதியும் ஒருங்கே வாய்க்கவில்லை. அக்காரணம் 2022 இல் வாய்த்தது.

ஒரு வகுப்பாசிரியர் இடாப்பைத் திறந்து, ஒவ்வொரு பெயரின்மீதும் விரலை வைத்து அழைத்துச் செல்கின்றார் எனக் கொள்வோம். கடைசிப் பெயரும் முடிந்த பின்னர் அவர் விரல் எங்கே நிற்கும்? எந்த மாணவன் பெயர்மீதும் அன்று. இடாப்பின் அட்டைமீதே நிற்கும். அதனை அறியாத வேறொருவர் வந்து, விரல் காட்டும் மாணவனுக்குப் புள்ளியிடுக என்றால் புள்ளி அட்டைமீது விழும். கருனியில் பட்டியல்களை வரிசையாய்ப் பார்த்துச் செல்லும் சுழல்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றில் விரலாய்ப் பயன்படும் சுட்டியைச் சீ-89 இலக்கணப்படி சுழலுக்கு வெளியே, முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். ஆதலால் சுழல் முடிந்த பின்னும் அது உயிரோடிருக்கும். எவரேனும் தவறாய் அதனைப் பயன்படுத்துவர். பாதுகாப்புக் குறையொன்றைத் திருத்த முனைந்த ஆய்வாளர் ஒருவர் 2022 பெப்ரவரியில் இதனை எடுத்துக்காட்டினார்.

சீ-99 முதற்கொண்டு இதற்கு வழியுண்டு. சுட்டியைச் சுழலின் தலைப்பிலேயே அறிவிக்கலாம். சுழல் முடிய அதுவும் மறையும். தவறாய்ப் பயன்படுத்த முயன்றால் தொகுப்பியே தடுத்துவிடும். ஒழுக்கத்தால் காக்க வேண்டியதை இலக்கணமே காக்கும் என்றால் இலக்கணத்தை மாற்றுதல் தகும் என டோர்வால்ட்ஸ் கருதினார். சீ-99 உடன் நில்லாது சீ-11 வழக்குக்கே செல்லலாம் எனக் கருனிப் பராமரிப்பாளருள் ஒருவரான ஆர்ண்ட் பேர்க்மன் எடுத்துரைத்தார். முந்திய ஆண்டிலேயே கருனிக்கு வேண்டிய தாழ்ந்த தொகுப்பிப் பதிப்பு ஜீ.சீ.சீ. 5.1 என உயர்த்தப்பட்டிருந்தது. அதற்குக் குனூ-11 இயல்பான வழக்கு. ஆகவே இலக்கணத்தை மாற்றியதனால் புதிதாய் ஒருவரும் தொகுப்பியைத் தேடிச் செல்ல வேண்டியிருக்கவில்லை. 2022 மே மாதம் வெளிவந்த கருனியின் 5.18 ஆம் பதிப்பு குனூ-11 இல் அமைந்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது வேகமன்று; வரிசை. தொகுப்பி எல்லோர் கைக்கும் வந்து சேர்ந்த பின்னரே இலக்கணம் மாறியது. அன்றியும், புதிய இலக்கணம் அனுமதித்த யாவும் உடனே வழக்காகிவிடவில்லை. மாறிகளைத் தொகுதியின் தொடக்கத்திலேயே அறிவித்தல் என்னும் பழைய ஒழுங்கை மீறுவோர்க்கு எச்சரிக்கை விடுக்கும் ஏற்பாடு 2023 வரை நீடித்தது. இலக்கணம் இசைவு தருவது. மரபு அதனை ஆராய்ந்து ஏற்பது.

தாழ்ந்த வரம்பு

இக்கதையில் மிகக் கடினமான தீர்மானம், எவ்வளவு பழைய தொகுப்பி வரையில் ஏற்பது என்பதே. வரம்பை உயர்த்தினால், பழைய கணினியும் பழைய மென்பொருளும் வைத்திருப்போர் புறத்தே நிற்பர். புதியன வாங்க வசதியற்ற கூடங்கள் அவருள் அடங்கும். தாழ்த்தி வைத்தால், பழைய தொகுப்பிகளின் குறைகளுக்கெல்லாம் ஒட்டுப்போட்டே கருனி எழுதுவோர் காலங்கழிப்பர். அதனினும் கொடிது, அக்குறைகள் பயனர்களின் தரவுகளையே தீண்டும்.

2002 இல் வெளிவந்த ஜீ.சீ.சீ. 3.2 என்பதே நெடுங்காலம் அவ்வரம்பாயிருந்தது. 2018 இல் அது 4.6 ஆயிற்று. 2020 இல் 4.8 ஆகவும் பின்னர் அதே ஆண்டில் 4.9 ஆகவும் உயர்ந்தது. 2021 இல் 5.1 ஆயிற்று. 2025 இல் வெளிவந்த கருனியின் 6.16 ஆம் பதிப்பு 8.1 ஐ வேண்டியது. இவற்றுள் 5.1 வெளிவந்தது 2015 இல், 8.1 வெளிவந்தது 2018 இல். அஃதாவது, ஒரு தொகுப்பி வெளிவந்து ஆறேழு ஆண்டுகள் கடந்த பின்னரே அதற்கு முந்தியவை விலக்கப்பட்டன. அவ்வளவு காலத்தில், நிதானமாய்ப் புதுப்பிக்கும் வழக்கமுடைய முறைமைகளும் அத்தொகுப்பியைப் பெற்றுவிடும். 2019 இல் வெளிவந்த டெபியன் 10 ஆம் பதிப்பு தன்னுடன் கொண்டுவந்தது ஜீ.சீ.சீ. 8.3 ஆகும். ஊரில் எல்லோரிடமும் நூல் வந்து சேர்ந்த பின்னரே அதிலிருந்து பரீட்சை வைப்பது போன்ற நீதி இது.

ஆனால் சில வேளைகளில் நிதானத்துக்கு இடமில்லை. 2021 ஜனவரியில் நிகழ்ந்தது அத்தகையது. ஆர்ம்-64 வகைச் செயலி கொண்ட ஒரு பொறியில், கோப்பு முறைமையின் சரிபார்ப்புத் தொகை எப்போதோ ஒருமுறை பொய்த்தது. மீண்டும் முயன்றால் பிழை தோன்றாது. வட்டில் குறையோ, நினைவகத்தில் குறையோ, கருனியில் குறையோ என்று நெடிது ஆராய்ந்த பின்னர், குற்றவாளி தொகுப்பி என்பது தெரியவந்தது. ஜீ.சீ.சீ. 4.9 முதல் 5.1 க்கு முந்திய பதிப்புகள் ஒரு வரிசைப் பிழை செய்தன. ஒரு பணி தனக்கென நினைவகத்தில் ஒதுக்கிய அடுக்கிடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதன் பின் அதே இடத்திலிருந்து மதிப்பைப் படித்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட அக்கணத்தில் வன்பொருளிடமிருந்து ஓர் இடையீடு வந்தால், அவ்விடத்தின்மேல் வேறொன்று எழுதப்பட்டுவிடும். வாடகை வீட்டின் திறப்பைக் கையளித்துவிட்டு, உள்ளே மறந்த பொருளை எடுக்கத் திரும்பினாற்போல்வது இது. பெரும்பாலும் பொருள் அங்கேயே இருக்கும். புதுக்குடியினர் வந்துவிட்ட நாளில் இராது.

மூலநிரலை எத்துணை முறை படித்தாலும் இப்பிழையைக் காணமுடியாது. ஏனெனில் பிழை அங்கில்லை. ஆகவே ஆர்ம்-64 செயலிகளுக்குக் கருனியைத் தொகுப்பதற்கு 5.1 க்குக் குறைந்த ஜீ.சீ.சீ. ஏற்கப்படாது என உடனே விதித்தனர். பழைய தொகுப்பி வைத்திருந்தோர் சிலர்க்கு அஃது இடராயிருந்திருக்கும். ஆயினும் ஒருவருடைய கோப்புகளை ஓசையின்றிக் கெடுக்கும் கருவியை அவர் வசதிக்காக அனுமதித்தல் கருணையாகாது. இணக்கம் என்னும் சொல்லுக்கு எல்லை எங்கே என்பதை இந்நிகழ்ச்சி வரையறுத்துக் காட்டிற்று.

காவல் முறைகள்

வரம்பு வகுத்தால் மாத்திரம் போதாது. அதனைக் காக்கும் முறையும் வேண்டும். கருனியார் கைக்கொள்ளும் முறைகள் நான்கினை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, வரம்பை எழுதி வைத்தல். இன்ன கருவிக்கு இன்ன தாழ்ந்த பதிப்பு என்னும் அட்டவணை கருனியின் ஆவணங்களில் உண்டு. அதனைக் கருனி தொகுக்கப்படுமுன் பொறியே சரிபார்க்கும். குறைந்த பதிப்பாயின் தொடக்கத்திலேயே தெளிவான மொழியில் மறுத்துவிடும்.

இரண்டாவது, பெயரைக் கேளாது திறனைக் கேட்டல். ஒரு தொகுப்பியின் பதிப்பெண் இன்னது என்பதைக்கொண்டு அதன் இயல்பை எப்போதும் துணிதல் இயலாது. பழைய பதிப்பிலும் புதிய திருத்தங்களை விநியோகிப்போர் சேர்த்திருப்பர். ஆதலின் ஒரு சிறு சோதனை நிரலைத் தொகுக்கக் கொடுத்து, அஃது ஏற்கின்றதா மறுக்கின்றதா என்பதைக் கண்டு அதற்கேற்பக் கருனி தன்னை அமைத்துக்கொள்ளும். 2018 இலிருந்து இச்சோதனைகளைக் கருனியின் அமைப்புத் தெரிவு நிலையிலேயே செய்ய வசதி உண்டாயிற்று.

மூன்றாவது, வேறுபாடுகளை ஓரிடத்தில் அடைத்தல். இன்ன தொகுப்பியாயின் இவ்வாறு, மற்றையதாயின் அவ்வாறு என்னும் நிபந்தனைகளை மூன்று கோடி வரிகளிலும் சிதறவிட்டால் நூல் படிக்கத் தகாததாகும். அவற்றைச் சில தலைப்புக் கோப்புகளில் அடக்கிவிட்டு, ஏனைய இடங்களில் ஒரே பொதுப்பெயரை வழங்குவர்.

நான்காவது, வேண்டாததை நீக்குதல். வரம்பு உயரும்போதெல்லாம், பழைய தொகுப்பிக்கென வைத்த ஒட்டுகளைத் தேடி எடுத்து அழிப்பர். இதனைச் செய்யாவிடின் வரம்பு உயர்த்தியதன் பயனில் பாதி வீணே.

இவற்றுக்கெல்லாம் மேலாய் ஒரு பேருறுதி உண்டு. கருனியின் உட்புறம் எவ்வளவு மாறினும், அதன்மேல் இயங்கும் பயனர் செய்நிரல்களைப் பழுதாக்கலாகாது என்பது டோர்வால்ட்ஸ் வற்புறுத்திவரும் விதி. வாயில் மாறாது நிற்பதனாலேயே உள்ளறைகளை மாற்றிக் கட்ட முடிகின்றது.

இரண்டாவது மொழியின் வரவு

2022 டிசம்பரில் வெளிவந்த கருனியின் 6.1 ஆம் பதிப்பில் ரஸ்ட் என்னும் புதிய மொழிக்கு இடமளிக்கப்பட்டது. சீ மொழியில் எழுதுவோர் கவனத்தால் தவிர்க்க வேண்டிய நினைவகப் பிழைகள் பலவற்றை ரஸ்ட் தொகுப்பி நிரல் இயங்குமுன்னரே கண்டு தடுத்துவிடும். ஆனால் அதன் நடை வேறு. சீ மொழி பத்தாண்டுக்கு ஒருமுறை பதிப்பு மாறுவது. ரஸ்ட் தொகுப்பியோ ஆறு வாரத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வெளிவருவது. மொழியின் நிலைபெற்ற பகுதியில் எழுதியவை பின்வரும் தொகுப்பிகளிலும் தொகுபடும் என 2015 முதல் அம்மொழியார் உறுதி தந்துள்ளனர். ஆயினும் கருனிக்கு வேண்டிய சில வசதிகள் இன்னும் நிலைபெறாத பகுதியிலேயே கிடந்தன. அவை எப்பதிப்பிலும் மாறக்கூடியன.

ஆகவே தொடக்கத்தில் கடுமையான முறையொன்றைக் கொண்டனர். ஒரு கருனிப் பதிப்புக்கு ஒரே ஒரு ரஸ்ட் தொகுப்பிப் பதிப்பு. 6.1 க்கு உரியது 1.62.0 மாத்திரமே; அதனினும் புதியதும் உறுதியளிக்கப்பட்டதன்று. அன்றியும், ரஸ்ட் மொழியின் நூலகமொன்றன் படியைக் கருனியினுள்ளேயே வைத்துக்கொண்டு, பதிப்பு மாறுந்தோறும் அதனையும் மாற்றி வந்தனர். இவ்விரு சுமைகளும் 2024 இல் இறங்கின. 6.10 ஆம் பதிப்போடு அந்நூலகப் படி அகற்றப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் வெளிவந்த 6.11 ஆம் பதிப்பு, 1.78.0 முதற்கொண்டு மேற்பட்ட பதிப்புகளையும் ஏற்றது. ஒரு புள்ளியாய் இருந்தது வரம்பாய் விரிந்தது. ரஸ்ட் மொழியாரும், தம் தொகுப்பியில் செய்யும் மாற்றம் லினக்ஸ் நிரலைப் பழுதாக்குமோ என்று தாமே சோதித்துப் பார்க்கும் ஏற்பாட்டைச் செய்தனர். நூற்பா வகுப்போரும் இலக்கியம் படைப்போரும் ஒரு மன்றில் அமர்ந்தமை இது. 2025 டிசம்பரில் கூடிய பராமரிப்பாளர் மாநாட்டில், கருனியில் ரஸ்ட் இனிப் பரிசோதனை முயற்சியன்று என்னும் முடிவு எய்தப்பட்டது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. எந்த இலக்கணத்தில் எழுதுகின்றோம் என்பதை நாமே வெளிப்படையாய் எழுதி வைத்தல் வேண்டும். சொல்லாது விட்டால் பிறர் நமக்காகத் தீர்மானிப்பர். பழையதைத் தாங்குதல் அறமாயினும், தாங்கப்படுவோர்க்கே அது கேடு விளைக்கும் இடத்தில் நிறுத்துதலும் அறமே. புதியதை ஏற்கும்போது, அது யாவர் கைக்கும் எட்டிய பின்னர், வரிசை தவறாமல் ஏற்றல் வேண்டும்.

இன்று இக்கல்லூரியின் கணினிக்கூடத்தில் அமர்ந்து முதல் நிரலை எழுதும் மாணவர் ஒருவர், தம் நிரல் வீட்டுக் கணினியில் இயங்கியும் கல்லூரிக் கணினியில் இயங்காமை கண்டு மனஞ்சோர்தல் கூடும். அப்போது அவர் தம் அறிவை ஐயுறுமுன், இரண்டு தொகுப்பிகளின் பதிப்பெண்களையும் கேட்டுப் பார்ப்பாராக. பின்னர் தம் நிரல் எந்த இலக்கணப் பதிப்பில் அமைந்தது என்பதைத் தொகுப்பிக்கு ஒரு வரியாற் சொல்லி வைப்பாராக. உலகெங்கும் பரந்த ஒரு பெருங்கருனி முப்பதாண்டுக்கு மேலாகக் குலையாது நிற்பதற்கு அத்தகைய சிறு வரிகளும் ஒரு காரணமாகும். பழைய மாணவரும் இளைய மாணவரும் ஒருங்கு கூடும் இந்நிறைவு விழாக் காலத்தில், பழமையும் புதுமையும் ஒன்றையொன்று கெடுக்காமல் ஒரு நூலுள் வாழும் வகையை எடுத்துக்கூற வாய்த்தமை குறித்து மகிழ்கின்றோம்.